அடித்தல் திருத்தல் இல்லாத கொப்பி

நான் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கும் கனேடிய ஆய்வுகூடத்தில், மாலை ஐந்து மணியானால் ஒரு சடங்கு நடக்கும். பக்கத்து மேசை பிரையன் என் ஆய்வுக் கொப்பியை இழுத்து, அன்றைய பக்கங்களின் அடியில் சாட்சிக் கையெழுத்து வைப்பான். காலையில் வணக்கம் சொன்னால் தலையைக்கூட நிமிர்த்தாதவன் இவன். கல்யாணப் பதிவுக்கும் காணி உறுதிக்கும்தான் சாட்சி வேண்டும் என்று நினைத்து வளர்ந்த எனக்கு, ஒரு குடுவை கொதித்ததற்குச் சாட்சி எதற்கென்று விளங்கவில்லை. விளங்கியபோது ஏழு மாத வேலை போயிருந்தது.

ஒருநாள் பழைய பக்கங்களையும் புரட்டிப் பார்த்த பிரையன் கையெழுத்து வைக்கவில்லை. கொப்பியைத் தூக்கிக்கொண்டு நேரே பேராசிரியரிடம் போய்விட்டான். அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கங்களைப் புரட்டிக் காட்டினார்.

"ஏழு மாதத்தில் ஓர் எண்ணைக்கூட நீ அடித்துத் திருத்தவில்லையே?"

பாராட்டுகிறார் என்று நினைத்து மடைச்சி மாதிரிச் சிரித்தேன். "நன்றி. முதலில் றஃப் தாளில் எழுதுவேன். பின்னேரம் ஆறுதலாக இருந்து கொப்பியில் ஏற்றுவேன்."

"அந்தத் தாள்கள் எங்கே?"

"குப்பையில்."

அவர் கொப்பியை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அளந்தபோது எழுதிய தாள் இல்லாவிட்டால், எண்களை நான் புனையவில்லை என்பதற்கு அத்தாட்சியே இல்லையாம். அதன் பிறகு அவர் பேசியதில் 'மோசடி' என்ற சொல் மூன்று தடவை வந்தது.

கொழும்பில், வெள்ளவத்தையில் படித்தவர்களுக்கு இதில் என்ன குற்றம் என்று விளங்காது. எங்கள் இரசாயனவியல் மிஸ், செய்முறைக் கொப்பியில் ஒரு எண் அடிபட்டிருந்தால் பக்கத்தையே கிழித்து முகத்துக்கு நேரே நீட்டுவார். "இதென்ன, மீன் சுத்தின கடதாசியோ?" வகுப்பே சிரிக்கும். அம்மா காலி வீதியில் கொப்பி வாங்கி, மண்ணிறத் தாளில் உறை போட்டுத் தருவார். றஃப் தாளை வைத்திருப்பது அழுக்குத் துணியை வாசலில் தொங்கவிடுவது மாதிரி. நல்ல பிள்ளைகள் உடனே கசக்கி எறிவார்கள். நான் நல்ல பிள்ளை.

கனடாவில் முதலாம் வருடப் பாடங்களில் ஆய்வு நெறிமுறை என்றும் ஒன்று இருந்தது. அதில் எனக்கு 'ஏ' தரம். தரவைப் புனையாதே, மாற்றாதே, திருடாதே என்று ஒரு தவணை முழுக்க ஓதினார்கள். அளக்கும்போதே கொப்பியில் எழுது, பிழைத்தால் ஒற்றைக் கோடு கீறிவிட்டுப் போ என்று ஒருவரும் சொல்லவில்லை. தங்களுக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரிந்திருக்க வேண்டும் என்ற திமிர்.

இரண்டாம் வருடத் தகுதித் தேர்வுக்கு முன் எல்லாவற்றையும் திரும்பச் செய், இல்லாவிட்டால் ஊருக்குப் போ என்றார்கள். நான்கு மாதம் ஆத்திரத்திலேயே செய்தேன். கொப்பி முழுக்கக் கோடுகள், கறைகள். அதே எண்கள் வந்தன. பேராசிரியர் பார்த்துவிட்டு, "இனி இதைப் பயன்படுத்தலாம்" என்றார். மன்னிப்பு என்ற சொல் அந்த வாயில் வரவில்லை. பிரையன் கையெழுத்து வைத்தான். தேர்வில் தேறினேன். இருவரையும் இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் விடுமுறைக்கு வெள்ளவத்தைக்கு வந்தேன். உயர்தரம் படிக்கும் தங்கை துளசி சாப்பாட்டு மேசையில் செய்முறைக் கொப்பி எழுதிக்கொண்டிருந்தாள். காரத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிலீற்றர் அமிலம் வேண்டும் என்று மூன்று தடவை அளந்த கணக்கு. றஃப் தாளில் 23.5, 23.5, 24.1 என்று இருந்தது. கொப்பியில் மூன்றாவதும் 23.5 ஆகிவிட்டது.

"ஏனடி மாத்தினனி?"

"மற்ற ரெண்டோடையும் ஒத்து வரேல்லை. மிஸ் மார்க்ஸ் குறைப்பா."

"வந்ததை எழுது. 24.1 எண்டே எழுது."

"நீங்கள் போய் கனடாவிலை இருப்பியள் அக்கா. மார்க்ஸ் குறையிறது எனக்கெல்லோ."

 கனடாவில் நான் ஓர் எண்ணையும் மாற்றவில்லை. அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் இதே மேசையில், பதினேழு வயதில், எத்தனை 24.1-களை 23.5 ஆக்கியிருப்பேன்? பிரையனுக்கு என்னைத் தெரியாது. ஆனாலும் அவன் சந்தேகப்பட்ட பெண் ஒருத்தி இந்த வீட்டில் இருந்தாள். அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதால்தான் அவன் மீது எனக்கு இன்னும் கூடுதல் எரிச்சல்.

துளசி றஃப் தாளைக் கசக்கிக் கூடைக்குள் எறிந்தாள். அவள் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனபோது அதை எடுத்து, நீவி, என் கைப்பையில் கடவுச்சீட்டுக்குள் வைத்தேன்.

"அடுத்த பக்கத்துக்கு மாஜின் கீறித் தாங்கோ அக்கா. உங்கடை கோடுதான் நேரா வரும்."

அடிமட்டத்தை வைத்து, சிவப்புப் பேனையால் நேராகக் கீறிக் கொடுத்தேன்.