பீருக்கு மார்க் போட்டவளுக்கு மாப்பிள்ளை கிடையாதாம்

போன வாரம் பெங்களூர்ல நானும் தம்பியும் ஆறு வகை பீரை ருசி பார்த்ததையும், ஒவ்வொண்ணுக்கும் நான் மார்க் போட்டதையும் இங்கன எழுதியிருந்தேன்ல?

அதுக்காக இன்னைக்கு என் கல்யாணப் பேச்சை நிப்பாட்டிட்டாங்க.

மாப்பிள்ளையோட தாய்மாமா வள்ளியூர்ல இருந்து பாளையங்கோட்டைக்கு, எங்க வீட்டுக்கே வந்துட்டாரு. "டீச்சரம்மா, பீர் குடிச்சு மார்க் போடுத பிள்ளை எங்க குடும்பத்துக்கு ஒத்து வராது"ன்னு அம்மாகிட்ட சொல்லுதாரு.

தம்பிக்குப் பொறுக்கல. "அண்ணாச்சி, கூட உக்காந்து நானும்தான குடிச்சேன்?"

"நீ ஆம்பளைப் பய. உனக்கு என்னலே?"

சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே அவன் தோளைத் தட்டுதாரு! தம்பி அவரு கையைத் தட்டிவிட்டான்.

அம்மா எந்திரிச்சாங்க. "எம் பிள்ளைக்கும் நீங்க ஒத்து வரமாட்டிய. போயிட்டு வாங்க அண்ணாச்சி"ன்னு வாசக்கதவைத் திறந்துவிட்டாங்க.

இப்ப மாப்பிள்ளைகிட்ட இருந்து மெசேஜ். "மாமாவை எதுத்து என்னால பேச முடியலைங்க. தப்பா நினைக்காதீங்க. அடுத்த வாரம் பெங்களூர் போறேன், நல்ல பீர் எந்தக் கடைல கிடைக்கும்?"

கடை பேரைச் சொல்லவா, இல்ல மாமாகிட்டயே கேட்டுக்கச் சொல்லவா?