பல்செட்டாரின் மூன்றாவது ஹெட்

உலகத்தில் இன்றைக்கு உயிரோடிருக்கும் எண்ணூறு கோடிப் பேரில், இஞ்சினைப் பார்த்து "ஆ காட்டு" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் பல்செட்டார்தான். அவரைக் கேட்காமல் காற்று எந்தப் பக்கமும் திரும்புவதில்லை. புயலே வந்தாலும் அவருடைய ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழையும். இந்த நிமிஷம் அவர் ஒரு சிலிண்டர் ஹெட்டை மடியில் கிடத்தி, பல் டாக்டர் வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை அதன் துளைக்குள் விட்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னும் கொஞ்சம்தான்... வலிக்குதா?"

ஹெட் பதில் சொல்லவில்லை.

"வலிச்சா சொல்லணும்," என்கிறார், கண்டிப்பாக.

பல்செட் கட்டுவது அவர் தொழில். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பல் வரிசையை அடுக்குவார். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆள் பின்பக்கத்து ஷெட்டில் இருப்பார். அங்கே தீப்பெட்டியைப் பெரிதாக்கியது மாதிரி ஒரு பழைய கார், மூடியைத் திறந்துபோட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்கு டர்போ மாட்டியிருக்கிறார். புகை வெளியேறும் வேகத்தில் சுழன்று, இஞ்சினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாகத் தள்ளுகிற காற்றாடி அது.

"சாதா இஞ்சின் தானா மூச்சு விடும். இது அப்படியில்ல. அடம் பிடிக்கிற புள்ளைக்கு மூக்கைப் பிடிச்சு ஊட்டுற மாதிரி. வாயும் தொண்டையும் சரியா இருக்கணும். இல்லேன்னா மூஞ்சியிலயே துப்பிடும்."

அந்த வாயும் தொண்டையும்தான் ஹெட். இஞ்சினின் மேல் உட்கார்ந்திருக்கும் கனமான மூடி. காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் அதன் வழியாகத்தான்.

பழைய வண்டிகளைப் பிரித்துப் போடும் இடத்துக்கு ஹெட் வாங்கப் போனால், சட்டைப் பையில் ஒரு டீஸ்பூன் இருக்கும். ஒவ்வொரு ஹெட்டையும் அதனால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். நல்லது கிணிங் என்னும். விரிசல் விட்டது தொண்டை கட்டியவன் மாதிரி டொக் என்னும். கடைசியாகப் போனபோது கடைக்காரர் பளபளவென்று ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"அண்ணே, வழி எவ்வளவு பெருசு பாருங்க! காத்து பிச்சுக்கிட்டுப் போகும்."

"வழி பெருசுதான், சுவர் காகிதம். டர்போ அமுக்குற அமுக்குல காத்து போகாது, ஹெட்டே போயிடும். அந்த மூலையில அழுக்கா ஒண்ணு கிடக்கே, அதை எடு."

"அதுல வழி குறுகல்ண்ணே."

"குறுகலை நான் பெருசாக்கிப்பேன். தடிமனை எங்க போயி வாங்குறது?"

பெரிதாக்குவதும் பல் ராவுகிற அதே குட்டி மிஷினால்தான். ராவி முடித்ததும் பல் அச்செடுக்கும் ரோஸ் நிறக் களிம்பை வழிக்குள் திணித்து, இறுகியதும் உருவி எடுப்பார். வளைந்த வாழைப்பழம் மாதிரி வரும். அதைத் துண்டு போட்டு, எந்த இடத்தில் காற்று முட்டிக்கொள்ளும் என்று அளந்து பார்ப்பார். ஒருமுறை அந்த வாழைப்பழம் தவறான டப்பாவுக்குள் போய், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பத்தாவது நிமிஷம் போன்.

"தம்பி, செட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

"எந்தப் பக்கம் சார் இறுக்குது?" என்று இவரும் அக்கறையாக விசாரித்தார். பிறகுதான் பட்டறை மேஜையில் தலைமையாசிரியரின் பற்கள் தன்னைப் பார்த்து இளிப்பதைக் கண்டார்.

இப்போது மடியில் கிடப்பது மூன்றாவது ஹெட். முதலாவதை ஆசை ஆசையாக ராவியதில், பக்கத்திலே தண்ணீர் ஓடும் அறை வரைக்கும் ஓட்டை விழுந்தது. இரண்டாவது, வால்வுகள் உட்காரும் இரண்டு வட்டங்களுக்கு நடுவில் விரிசல் விட்டது. அன்றைக்கே அவர் மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"மூணாவதும் போச்சுன்னா ஷெட்டு எனக்கு. டேபிள் டென்னிஸ் மேஜை போடப்போறேன்."

மேஜை வாங்கியே ஆகிவிட்டது. நடைவழியில் மடக்கி நிறுத்தியிருக்கிறது. ஷெட் பக்கம் வரும்போதெல்லாம் அந்த அம்மாள் மட்டையில் பந்தைத் தட்டிக்கொண்டே வருவார். டொக், டொக், டொக். பல்செட்டாருக்கு அது விரிசல் விட்ட ஹெட்டின் சத்தமாகவே கேட்கும்.

அந்த வீட்டில் விடுமுறைக்கு வந்திருக்கும் மூன்றாவது ஆள், மனைவியின் அக்கா மகள். அழகும் அறிவும் அடக்கமும் நிறைந்த பெண். அவளைப் பற்றி இவ்வளவு போதும்.

வியாழக்கிழமை மத்தியானம், ராவி முடித்த ஹெட்டைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார் பல்செட்டார். பெட்ரோல் எரியும் குழிகளில் மூன்றாவதில், வால்வு வட்டங்களுக்கு நடுவில், மெல்லியதாக ஒரு கறுப்புக் கோடு. நகத்தால் வருடினார். நகம் தட்டியது. விரிசலைக் காட்டும் சிவப்பு மை இரண்டாவது ஹெட்டோடு தீர்ந்துபோயிருந்தது. ஸ்பூனைப் பையிலிருந்து எடுத்தார். தட்டிப் பார்க்க மனம் வராமல் திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

அது விரிசல் அல்ல. ஒரு தலைமுடி. நகத்துக்குப் போடும் நிறமில்லாத பாலிஷால் ஒட்டப்பட்டிருந்தது. யாருடைய முடி, யார் ஒட்டியது என்பதெல்லாம் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத சமாச்சாரம்.

கத்துவார், குதிப்பார், அப்புறம் உண்மை தெரிந்து துரத்துவார் என்றுதான் எதிர்பார்ப்பு. அவர் கத்தவில்லை. மிஷினைத் துடைத்து டப்பாவில் வைத்தார். களிம்பு வாழைப்பழங்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றினார். நடைவழிக்குப் போய், மேஜையைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, ஜன்னல் பக்கம் போடவா? வெளிச்சமா இருக்கும்."

மனைவி பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "இப்ப என்ன அவசரம்?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் பந்துச் சத்தமே இல்லை. சிரிப்பதற்காக வாயைத் திறந்து வைத்திருந்த ஒரு ஆளும் வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் காலை டாக்டரிடம் ஒரு பல்செட்டைக் கொடுத்துவிட்டு வந்த பல்செட்டார், ஹெட்டைச் சாக்கில் கட்டிப் போடலாம் என்று ஷெட்டுக்குள் போனார். அதன் முதுகில் நீல மார்க்கரால், அச்சடித்தது மாதிரி கொட்டை எழுத்து: "விரிசல் இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கவும்."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். புரட்டிப் பார்த்தார். கோட்டைக் காணோம். நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஸ்பூனால் தட்டினார்.

கிணிங்.

இன்னொரு தரம் தட்டினார். கிணிங். நாலு பக்கமும் தட்டினார். கோயில் மணி தோற்றது. பிறகு குனிந்து மோந்து பார்த்தார். பாலிஷ் அழிக்கிற திரவத்தின் வாசனை.

"இங்க வா! இதுல நீயா எழுதினே?"

"நான் எழுதுனா 'ஷெட்டு எனக்கு'ன்னு எழுதிட்டுப் போயிருப்பேன்," என்றார் மனைவி. ஆனாலும் மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்து, நடைவழிக்கே திரும்பத் தூக்க உதவினார்.

மேஜை இருந்த இடத்தில், தரையில், மார்க்கரின் மூடி கிடந்தது. நன்றாக மென்று துப்பிய மூடி. பல்செட்டார் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு முன்னறை அலமாரியில் கையை விட்டுத் துழாவினார். அந்தக் குடும்பத்தில் எல்லோருடைய பல்லுக்கும் அங்கே பிளாஸ்டர் அச்சு உண்டு. முன்பல் ஓரம் சில்லு தெறித்த ஒரு அச்சை எடுத்து, மூடியை அதன் வாயில் வைத்து அழுத்தினார். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது.

ஷெட் வாசற்படியில் நோட்டும் கையுமாக ஒரு ஆள் உட்கார்ந்திருந்தது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னத்த எழுதுறே?"

"உங்களைப் பத்திதான், சித்தப்பா. பத்திரிகைக்கு."

"'அழகும் அறிவும் அடக்கமும் நிறைந்த'ன்னு போட்டிருக்கே, அது யாரு? நம்ம வீட்டுல அப்படி யாரும் இல்லையே?"

பேனா வாய்க்குள் போனது. பல்செட்டார் அதே பிளாஸ்டர் பல்லை அவள் மூக்குக்கு நேராகப் பிடித்து, மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் ஒன்றோடொன்று இரண்டே தரம் தட்டினார்.

டக். டக்.