பச்சைப் புள்ளிக்குக் காவல்

இங்கே வந்து இவ்வளவு காலமாகியும், வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே இறங்கும்போது யாரிடமோ சொல்ல மறந்துவிட்டதுபோல ஓர் உறுத்தல் வருகிறது. மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாயில் இருக்கிறோம். எங்கள் ஒழுங்கைக்குக் கேற்றும் இல்லை, காவலும் இல்லை. நடந்து பெரிய வீதிக்கு வந்தால் பஸ் வரும். ஏறிப் போகலாம், போன இடத்தில் தங்கலாம், வராமலே விடலாம். யாரும் கேட்கமாட்டார்கள். தமிழ்நாட்டு முகாமில் இருந்தபடி இதை வாசிக்கும் உங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

அப்படிச் சிரித்தவர்களில் முதல் ஆள் எங்கள் விதானையார், அதாவது கிராம அலுவலர். வந்த புதிதில், அடம்பனில் இருக்கும் என் பெரியம்மா மகள் மெரினா அக்காவைப் பார்த்து இரண்டு நாள் தங்கி வரலாம் என்று நானும் அம்மாவும் புறப்பட்டோம். புறப்படுமுன் நல்ல உடுப்பு உடுத்தி, இருந்த பத்திரங்களையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு அவருடைய கந்தோருக்குப் போய் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும், அடம்பனுக்குப் போக அனுமதி வேண்டும் என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"அடம்பனில என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்டுமில்லை சேர். அக்காவைப் பாக்கப் போறம்."

"அதுக்கு நான் என்ன செய்ய வேணும்?"

"போகலாமெண்டு சொல்ல வேணும்."

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், நாங்கள் பகிடி விடவில்லை என்று கண்டுகொண்டார். "சரி, போட்டு வாங்கோ. அக்காவை நான் சுகம் கேட்டதெண்டு சொல்லுங்கோ" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா அடம்பனுக்குப் போனதும் முதல் வேலையாக அதை மெரினா அக்காவிடம் சொன்னாள். விதானையாரை அக்காவுக்குத் தெரியவே தெரியாது.

நான் பிறந்தது முகாமில். அம்மாவும் அப்பாவும் போருக்குத் தப்பிப் படகேறிப் போனபோது நான் பிறக்கவே இல்லை. மாதத்துக்கு ஒரு நாள் செக்கிங் நடக்கும். அதிகாரிகள் மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்து பெயர் பெயராகக் கூப்பிடுவார்கள். ஆள் நேரில் நின்று பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெயர் வெட்டப்படும், பெயர் வெட்டினால் உதவிப்பணமும் அரிசியும் நிற்கும். வெளியூரில் பெயின்ற் வேலை செய்யும் அப்பா, பாதிச் சுவரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார். எனக்கு அம்மை போட்டிருந்த மாதம்கூட, அம்மா என்னை வேப்பிலையோடு தூக்கிக்கொண்டுபோய் மேசைக்கு முன்னால் காட்டினாள். எங்கள் வீட்டில் யாருக்கும் எதற்கும் அவ்வளவு பயம் கிடையாது, அந்த ஒரு நாளைத் தவிர.

கல்லூரியில் கணினி படித்தேன். படித்துவிட்டு வேலைக்குப் போனால், விலாசத்தில் முகாம் என்று கண்டதும் எதிரே இருப்பவரின் குரல் மாறிவிடும். கடைசியில் முகாமுக்குப் பக்கத்து ஊரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பனர் வடிவமைக்கும் வேலை கிடைத்தது. காதுகுத்து, கல்யாணம், கட்சிக்கூட்டம் எல்லாமே ஒரே மாதிரித்தான். மேகம் வேண்டும், தங்க நிறக் கதிர் வேண்டும், ஆட்களின் முகம் பானை அளவில் வேண்டும். "வெத்து இடமே இருக்கக் கூடாதும்மா, காசு குடுக்குறவன் கேப்பான்" என்பார் முதலாளி. நல்ல மனிதர். ஆனால் அந்தக் கடையில் எத்தனை வருடம் இருந்தாலும், என் பெயரில் ஒரு நாட்டின் அடையாள அட்டை வரப்போவதில்லை. தம்பி அங்கே படித்துக்கொண்டிருந்ததால் அப்பா அவனோடு நின்றுகொண்டார். அம்மாவும் நானும் திரும்பி வந்தோம். எனக்கு அது திரும்புதல்கூட இல்லை, முதல் வருகை.

வந்தால் இங்கே வேலை இல்லை. தேடிப் போன இடங்களில் என் படிப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்றார்கள். அங்கே இருபது வருடத்துக்கும் மேலாக "நீங்க சிலோனா?" என்று கேட்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கினமாம். பேசாலையில ஒரு மனுசி அனுப்புறா. நீ போக வேண்டாம், நான் போறன்." அப்பா ஒரு நாட்டில், அம்மா இன்னொரு நாட்டில், நான் மூன்றாவது நாட்டில். அப்படி ஒரு குடும்பம் எனக்கு வேண்டாம் என்று கத்தினேன். சண்டைக்குப் பிறகு அம்மா ஒரு தவணை தந்தாள். மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழா முடியும்வரை பொறுத்திருப்பாள். அதற்குள் நான் ஒரு காசாவது உழைத்துக் காட்ட வேண்டும்.

மெரினா அக்காவின் கணவர்தான் வழி சொன்னார். "ஒன்லைனில டிசைன் வேலை செய்து குடுக்கலாம். வீட்டில இருந்தபடியே." அப்படிப்பட்ட ஒரு தளத்தில் பதிந்தேன். என் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி வந்தது. நான் லப்டொப்புக்கு முன்னால் இருக்கிறேன் என்று அர்த்தம். எழுந்து போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்தால் அது சாம்பலாகிவிடும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தானே. கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

அன்றிலிருந்து நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைக்குப் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகவில்லை. குளிக்கப் போகும்போது என்ன செய்வது என்று யோசித்தபோது, அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நீ போய்க் குளிச்சிட்டு வா. நான் இருக்கிறன்." வந்து உட்கார்ந்து, ஒரு கையில் செபமாலையும் மறு கையில் மௌசுமாக, நான் காட்டிக் கொடுத்தபடி அம்புக்குறியை மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியிலிருந்து "பச்சை நிக்குதா?" என்று கேட்பேன். "நிக்குது, நிக்குது, நீ அவசரப்படாம குளி" என்பாள். இதில் சிரிக்க ஏதோ இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவே இல்லை.

ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரர் எழுதினார். ஒரு சின்னக் கடைக்கு இலச்சினை வேண்டும், நான் இருக்கிறேனா என்று கேட்டிருந்தார். நான் வீட்டில்தான் இருக்கிறேன், காலையிலிருந்து எங்கும் போகவில்லை, நாளைக்கும் போகமாட்டேன், என் தாயாரும் வீட்டில்தான் இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் பணிவாகப் பதில் எழுதினேன். அம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன். "நல்லா எழுதியிருக்கிறாய்" என்றாள். அந்த மனிதர் பிறகு வரவே இல்லை. இரண்டு நாள் நானும் அம்மாவும் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். ஆவணியும் பிறந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, கம்பி வேலைக்காகத் தீவு முழுக்கக் காலையிலிருந்து கரண்ட் நிற்கும் என்று அறிவித்தார்கள். என் லப்டொப்பின் பற்றரி கிழடு, அரை மணித்தியாலம் தாங்காது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாதான் பையை எடுத்துத் தந்தாள். "அடம்பனில கரண்ட் இருக்குமாம். மெரினா கொக்காவிட்டப் போய் இருந்து வேலை பார். ஓடு." அன்றைக்கு விதானையாரை நினைக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

மன்னார் ரவுணில் அடம்பன் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் முக்காடு போட்ட ஒரு பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், காலுக்கிடையில் ஒரு கார்ட்போட் பெட்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள். பெட்டி நிறையப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் போட்டோப் பிரதி எடுத்த ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. எண்ணெய் ஊறி எழுத்தெல்லாம் கரைந்திருந்தது. கடையில் வேலை செய்த பழக்கதோஷம், என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இது என்ன அக்கா?"

"மாசிச் சம்பல். அதுல எழுதித்தானே கிடக்கு."

"ஒரு எழுத்தும் தெரியேல்லையே."

அவள் ஒரு போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "அல்லாவே, எண்ணெய் குடிச்சிட்டு!"

எண்ணெய் பிடிக்காத ஸ்டிக்கரில் நான் லேபிள் செய்து தருவேன் என்றேன். கடை எங்கே என்று கேட்டாள். கடை இல்லை, இந்தப் பைக்குள்தான் எல்லாம் இருக்கிறது என்றேன். அவள் என் பையைப் பார்த்தாள், தன் பெட்டியைப் பார்த்தாள். "அப்ப நீயும் என்னப் போலத்தான்" என்றாள். அவள் பெயர் சரீனா. மன்னாருக்குத் தெற்கே உள்ள முசலிக்காரி. வீட்டில் மாசிக் கருவாட்டையும் மிளகாயையும் இடித்துச் சம்பலாக்கிப் போத்தலில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். அன்றைக்கு அடம்பன் சந்தையில் சில கடைகள் எடுப்பதாகச் சொல்லியிருந்தன. லேபிளைப் பின்னேரத்துக்குள் காட்டினால் பார்க்கலாம் என்றாள்.

மெரினா அக்கா வீட்டில் சோறுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் இறக்கினேன். மேகம் போட்டேன். தங்கக் கதிர் போட்டேன். பஸ்ஸில் போத்தலோடு எடுத்த படத்திலிருந்து சரீனாவின் முகத்தை வெட்டி நடுவில் வைத்து, கீழே இரண்டு மீன்களைத் துள்ளவிட்டேன். பின்னேரம் சந்தையில் அவளைத் தேடிப் பிடித்துக் காட்டினேன். அவள் திரையைக் கிட்ட இழுத்துப் பார்த்தாள்.

"புள்ள, நான் எலக்சன் கேக்கல்ல. சம்பல்தான் விக்கிறன்."

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. "முதல்ல என்ட முகத்த எடு. என்ட மாப்பிள்ள கண்டா என்னையே போத்தல்ல அடச்சிருவார்" என்றாள் சரீனா, அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே ஒரு சாக்கு மூட்டையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். முகம் போனது, மேகம் போனது, மீன்கள் போயின. வெள்ளையில் சிவப்பு எழுத்தாகச் சம்பலின் பெயரும் அவளுடைய போன் நம்பரும் மட்டும் மிஞ்சின. இவ்வளவு வெற்றிடத்தை என் வாழ்நாளில் நான் விட்டதில்லை. "இது சரி. இது தூரத்துல நிண்டாலும் வாசிக்கலாம்" என்றாள்.

அழித்துக்கொண்டிருந்தபோதும் நான் மணியைப் பார்த்தபடியே இருந்திருக்கிறேன். ஏன் என்று கேட்டாள். பச்சைப் புள்ளியைச் சொன்னேன், செக்கிங்கைச் சொன்னேன், மௌசைப் பிடித்துக்கொண்டு இருக்கும் அம்மாவையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "நாங்க புத்தளத்தில முகாமில வளந்த ஆக்கள். அங்க பவுசர் லொறி வந்தாத்தான் தண்ணி. இப்ப ஊட்டுக்குள்ள பைப்புத் தண்ணி. எண்டாலும் ரோட்டுல தண்ணி பவுசர் போறதக் கண்டா, என்ட கை வாளியத் தேடுது" என்றாள். சொல்லிக்கொண்டே இடுப்புப் பையைத் திறந்து, எண்ணாமல் மடித்து வைத்திருந்த காசை என் கையில் வைத்தாள். நான் உழைத்த முதல் காசு. அதில் மாசியும் மிளகாயும் மணந்தன. சிரித்த கடைக்காரர், தன் கடைக்கும் ஒரு பலகை வேண்டும், ஆனால் மேகம் வேண்டாம் என்றார்.

வீடு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள். லப்டொப் இல்லாத வீட்டில் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை, முற்றத்தை மூன்று தடவை கூட்டியிருந்தாள். காசை நீட்டினேன். "எந்த நாட்டுக்காரன்?" என்றாள். "முசலிக்காரி" என்றேன். அம்மா காசை மணந்து பார்த்தாள், தும்மினாள், சிரித்தாள், பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குக் குவைத்துக்குப் போக அவ்வளவு பயமாக இருந்திருக்கிறது. ஒரு நாளும் சொல்லவில்லை. பேசாலை மனுசிக்கு அவளே போன் எடுத்து, தான் வரவில்லை என்றாள். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது எனக்கு. மடுவுக்கு இரண்டு பேருமாகத்தான் போனோம், யாரிடமும் கேட்காமல்.

இப்போது முசலியிலிருந்தும் அடம்பனிலிருந்தும் ஆட்கள் போன் எடுக்கிறார்கள். அந்தத் தளத்திலும் வேலை வருகிறது. முதல் வேலை வந்தபோது என் புள்ளி சாம்பலாகத்தான் இருந்தது, நான் பூசையில் இருந்தேன். மறுநாள் பதில் எழுதினேன். யாரும் கோபிக்கவில்லை, பெயரும் வெட்டுப்படவில்லை. போன கிழமை விதானையாரே வீட்டுக்கு வந்து, விளையாட்டுக் கழகத்துக்குப் பனர் கேட்டார். போகும்போது திரும்பி நின்று, "பிள்ளை, எங்கயும் போறதெண்டா எனக்கொருக்காச் சொல்லிட்டுப் போம். இது அவசரம்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆனால் மாதத்தில் ஒரு காலை மட்டும் நான் வேலை எதுவும் எடுப்பதில்லை. அங்கே செக்கிங் நாள். அப்பா எனக்குப் போன் எடுத்துவிட்டு, அதை நிறுத்தாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார். நான் போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிடுவேன். மரத்தடியில் காகம் கத்துவது கேட்கும். எங்கள் வரிசை வீட்டுக்காரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொருவராகப் பதில் சொல்வார்கள், குரலை வைத்தே யாருக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்பாவின் பெயர் வரும். முன்பு அதற்கு அடுத்தது அம்மா, பிறகு நான். இப்போது அப்பாவுக்கு அடுத்து நேரே தம்பியின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அந்தச் சின்ன இடைவெளியில் என் வாய் தன்பாட்டில் திறக்கிறது, மூடுகிறது. குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் நிற்கிறது. அம்மா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, போனுக்குக் கேட்காத குரலில் சொல்கிறாள்:

"இருக்கிறம் ஐயா."