ஐந்து மணி என்று அட்டையில் போட்டிருந்தது

“அந்தக் கதிரையைக் குசினிக்குள்ள வையுமப்பா” என்று மனைவிக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். மெல்பேர்ன் டண்டினொங்கில் நான் வேலை செய்த பண்டகசாலையின் சாப்பாட்டு அறை அது. எதிரே இருந்த பிரேசில்காரி சட்டென்று நிமிர்ந்து, நாற்காலிக்குச் சொல்லும் கதிரையும் சமையலறைக்குச் சொல்லும் குசினியும் தன்னுடைய போர்த்துக்கீச மொழி அல்லவா என்றாள். பிறகு சப்பாத்து, துவாய், அலுமாரி என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவளுடைய கரையிலும் எங்களுடைய கரையிலும் ஒரே போர்த்துக்கீசக் கூட்டம்தான் வந்திறங்கிச் சுரண்டியிருக்கிறது. அன்றிலிருந்து நான் அவளுக்கு அங்கிள்.

அவள் பெட்டி அடுக்கப் பிறந்தவள் அல்ல. சொந்த ஊரில் பாடகி, ராப் கலைஞர். இரண்டு இசைத்தொகுப்புகள் வெளியிட்டிருந்தாள், வானொலியில் ஓடியிருக்கின்றன. பிறகு அவளைவிட இளையவர்கள் வந்தார்கள், மேடைகள் குறைந்தன, மாணவர் விசாவில் மெல்பேர்ன் வந்துவிட்டாள். ராப் என்றால் பிள்ளைகள் கையை ஆட்டி ஏசுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் என் வான் வண்டிக்குள் இருந்து தன் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினாள். ஊரார் வீட்டுக் குசினியில் முப்பது வருடம் கோப்பை கழுவிய தாய், அந்தக் கோப்பையில் ஒருநாளும் தேநீர் குடிக்கவில்லை என்பதுதான் பாட்டு என்று பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். மொழி தெரியாமலே அதை இன்னொருமுறை பாடச் சொன்னேன்.

வார இறுதிகளில் நான் தமிழ்க் கொண்டாட்டங்களுக்கு ஒலிபெருக்கி போடுகிறவன். என் மூளை அங்கேதான் வேலை செய்தது. பழைய சினிமாப் பாட்டுகளை அவளுக்குக் கொடுத்தேன். அவள் தன் எழுத்தில் எழுதிப் பாடமாக்கி, சேலை கட்டிப் பாடினாள். “வேற நாட்டுப் பிள்ளை எவ்வளவு வடிவாத் தமிழ் பாடுது” என்று சனம் வாயைப் பிளந்தது. “அங்கிள், என் பாட்டு ஒன்று பாடட்டுமா?” என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் கேட்பாள். அடுத்த முறை பார்ப்போம் என்பேன். அந்த அடுத்த முறையை நான் கடைசிவரை வர விடவில்லை.

பிறகு அவளுடைய நாட்டிலிருந்து பெயர் பெற்ற இசைக்குழு ஒன்று மெல்பேர்ன் வந்தது. அவர்கள் மேடையேறும் முன் இருபது நிமிடம் பாட அவளைக் கேட்டிருந்தார்கள். பிடித்தால் மிச்சப் பயணம் முழுவதும் கூட்டிப்போய், ஊரிலும் மேடை தருவதாகப் பேச்சு. சனிக்கிழமை, இரவு எட்டரை, நகர நடுவே, சிற்றியில். “இது போனால் நான் இனிப் பெட்டி அடுக்குகிறவள்தான் அங்கிள்” என்றாள். அதே சனிக்கிழமை நான் ஒரு சாமத்திய வீட்டுக்கு, ஒரு பிள்ளையின் பூப்புனித விழாவுக்கு, அவளை ஒப்புக்கொடுத்திருந்தேன். பெரியபிள்ளையான மகள் பல்லக்கில் மண்டபத்துக்குள் வரும்போது இவள் பாட வேண்டும். அழைப்பிதழ் அட்டையில் ஐந்து மணி. ஐந்துக்குப் பாடு, ஆறுக்கு என் வானில் ஏறு, ஏழுக்கு நீ சிற்றியில் நிற்பாய் என்று சொன்னேன். இருபது வருடமாக இந்த மண்டபங்களில் வயர் இழுக்கிறவன் நான். அட்டையில் போட்ட ஐந்து மணி ஐந்து மணிக்கு வந்ததை ஒருநாள்கூடக் கண்டதில்லை. எந்தச் சனியன் பிடித்து அதை நம்பச் சொன்னேனோ தெரியாது.

ஐந்து மணிக்கு மண்டபத்தில் நானும் அவளும் வீடியோக்காரரும்தான் இருந்தோம். ஆறரைக்குப் பிள்ளையின் தகப்பன் வந்தார். “என்ன அவசரம்? சனம் வரட்டும். வெறும் கதிரையளுக்கோ பாடுறது?” என்றார். ஏழு மணிக்கும் பிள்ளையின் மேக்கப் முடியவில்லை. டாக்சி பிடிக்கட்டுமா என்று அவள் கேட்டாள். ஐந்து நிமிடம் என்றேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் ஐந்து நிமிடம் என்றேன். அவளை அனுப்பியிருக்கலாம். நாளைக்குச் சனம் என்னைப் பற்றி என்ன கதைக்கும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

பல்லக்கு எட்டு இருபதுக்கு வந்தது. அவள் கைபேசியைப் பைக்குள் வைத்தாள். நான் போட்ட பின்னணி இசையை நிறுத்தும்படி கை காட்டினாள். ஒலிவாங்கியைப் பிடித்து, தாயின் பாட்டைத் தொடங்கினாள். பட்டுச்சேலையோடு, மூச்சு விடாமல், யாரையும் பார்க்காமல் கொட்டினாள். சின்னப் பிள்ளைகள் ஆடினார்கள். “என்ன இது, ஏசுறா போலக் கிடக்கு” என்று ஒரு அன்ரி என்னிடம் கேட்டார்.

சிற்றிக்குப் போய்ச் சேர ஒன்பதரை. உள்ளே அந்தக் குழு பாடிக்கொண்டிருந்தது, வாசலில் நின்றவன் எங்களை விடவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் கொஞ்சமாவது நிம்மதியாக இருந்திருப்பேன். விசா முடிந்து ஊருக்குப் போனாள். இப்போது ஒரு சுப்பர்மார்க்கெட்டில் காசாளராக இருக்கிறாள், பாடுவதை விட்டுவிட்டாள். கேட்டபோது அவ்வளவுதான் எழுதினாள்.

அவள் கடைசியாக மேடையில் பாடியது அந்தப் பாட்டுத்தான். போன மாதம் ஒரு விசர் பிடித்து, அதை ஒருமுறை கேட்க வேண்டும் என்று அந்த வீட்டாரிடம் வீடியோவை வாங்கிவந்து போட்டேன். பல்லக்கு வருகிறது, பூ எறிகிறார்கள், அவள் ஒலிவாங்கியோடு நிற்கிறாள். வீடியோக்காரர் சத்தத்தை வெட்டிவிட்டு, மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போட்டிருக்கிறார். அவளுடைய வாய் அசைகிறது. யாரோ ஒருத்தியின் குரல் இனிமையாகப் பாடுகிறது.