சுந்தரராமனின் நீண்ட கேள்விகள்

பம்பாய் மாதுங்காவில் சுந்தரராமனுக்குப் பயந்து ஒளிந்துகொண்ட கலைஞர்கள் உண்டு. வாரநாட்களில் அவர் கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமையானால் பேட்டிக்காரர். அறுபதுகளின் நடுவில் மாதுங்காவில் தமிழ் நண்பர்கள் சிலர் ஒரு வட்டம் நடத்தினார்கள். அதற்கு ஸைக்ளோஸ்டைல் செய்த மாதப் பத்திரிகை ஒன்றும் இருந்தது. எழுத்தாளர், பாடகர், சித்திரக்காரர் என்று பம்பாயில் யார் அகப்பட்டாலும் கண்டு பேசி அதில் எழுதுவது இவர் பொறுப்பு.

கண்டு பேசுவது என்றால் இவர்தான் பேசுவார். வீணை வித்வான் ஒருவரிடம் "நாதம் என்பது..." என்று தொடங்கிய கேள்வி, சிற்பக்கலை, சமையல், ஆயுள் காப்பீடு எல்லாவற்றையும் பிரதட்சிணம் செய்துவிட்டு முக்கால் பக்கத்துக்கு அப்புறம்தான் முடிந்தது. பதில்: "ஆமாம்." செம்பூரில் ஒரு சிறுகதை எழுத்தாளர் அதைக்கூடச் சொல்லவில்லை. "மழை வரும் போலிருக்கிறது" என்றார். சுந்தரராமன் அதையும் பதில் என்று போட்டுவிட்டார்.

வட்டத்தின் செயலாளர் வெங்கடேஸ்வரன் கணக்குப் பிரிவு ஆசாமி. பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் அடிஸ்கேலை எடுத்துப் பத்திரிகையை அளந்தே விட்டார்.

"ஓய், கேள்வி ஏழு அங்குலம், பதில் கால் அங்குலம். இது பேட்டியா, உபந்யாசமா? அடுத்த மாசம் கேள்வி சின்னதாவும் பதில் பெரிசாவும் வரணும். இல்லேன்னா பேட்டியை நான் எடுத்துக்கறேன்."

சுந்தரராமனுக்கு அன்று ரசம் சாதம்கூட இறங்கவில்லை. பேட்டியும் போய்விட்டால் எழுத்துக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

"கொஞ்சம் வாயை மூடிண்டு இருங்கோ. போறும்" என்றாள் அவர் மனைவி ஷ்யாமளா.

சரி என்று தாராவிக்குப் போனார். அங்கே பிரம்மநாயகம் என்று ஒருவர், தோல் பட்டறையில் பை தைப்பவர், வருஷா வருஷம் கோயில் கொடை விழாவுக்கு நாடகம் எழுதுகிறவர். அவர் நாடகத்தில் ராஜாவுக்கு விசிறி வீசுகிறவன்கூட மூச்சு விடாமல் வசனம் பேசுவான் என்று பெயர். அப்பேர்ப்பட்டவர் பேச ஆரம்பித்தால் பதில் கொட்டாதா?

பிரம்மநாயகத்தின் மனைவி கோமதியம்மாள் பாய் விரித்து, வெற்றிலைத் தட்டை வைத்தாள். சுந்தரராமனுக்கு மின்னல் வெட்டியது. வாய் நிறைய வெற்றிலை இருந்தால் எப்படிப் பேச முடியும்? நாலைந்தை மடித்து உள்ளே அடைத்துக்கொண்டார். விருந்தாளி போடும்போது சும்மா இருந்தால் மரியாதையில்லை என்று பிரம்மநாயகமும் அடைத்துக்கொண்டார்.

வந்தது வினை. புது மனிதர் வீட்டில் முதலில் எழுந்து போய்த் துப்புவது நாகரிகமா என்று இவர் உட்கார்ந்திருந்தார். விருந்தாளி துப்பாமல் நான் துப்புவதா என்று அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கன்னங்களும் உப்ப, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். சுந்தரராமன் புருவத்தை உயர்த்தினார். அது கேள்வி. பிரம்மநாயகம் கண்ணை மூடித் திறந்தார். அது பதில் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இதை எந்த ஸ்கேலால் அளப்பது?

கோமதியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இவிய நாடகத்துல ராசாவும் மந்திரியும் விடிய விடியப் பேசுவாவ. வீட்டுல ஒத்த வார்த்த கெடயாது. கொழம்புல உப்பு இல்லன்னாக்கூட சோத்து வட்டில இப்படித் தள்ளுவாவ, அம்புட்டுதான். நீங்க வந்தாவது வாயத் தொறப்பாவன்னு பாத்தேன். நீங்களும் இப்படி வந்து வாச்சியளே!" என்று படிக்கத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "ரெண்டு பேரும் துப்புங்க."

துப்பினார்கள். அப்படியும் சுந்தரராமன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்த மௌனம் பிரம்மநாயகத்துக்கே தாங்கவில்லை.

"நீங்க எதுக்குய்யா எழுதுதிய?" என்றார்.

சுந்தரராமன் திகைத்துப்போனார். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. தான் ஒரு நாவல் தொடங்கியது, முதல் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவது, கதாநாயகி தாதர் ஸ்டேஷனில் பெட்டியோடு நிற்பது, அவளை எந்த வகுப்பில் ஏற்றுவது என்று தீர்மானிக்க முடியாமல் ஒவ்வொரு ரயிலையும் போகவிட்டது எல்லாம் வந்து கொட்டின.

"அந்தப் புள்ள எங்க போணும்?" என்றார் பிரம்மநாயகம்.

அதற்கும் ஒரு பக்கம் பதில் வந்தது. எங்கே என்பதுதான் அதில் இல்லை. ஆனாலும் சொல்லச் சொல்ல சுந்தரராமனுக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே போனது. "ஏன், அவளுக்குப் பசிக்காதா?" என்று கோமதியம்மாளும் ஒன்று கேட்டாள். சாயங்காலம் வரை பேசினார். அவ்வளவு சந்தோஷமாக அவர் எந்தப் பேட்டியிலிருந்தும் எழுந்து வந்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பிரம்மநாயகம் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் நடந்ததை நடந்தபடியே எழுதினார். மேலே "நாடகாசிரியர் பிரம்மநாயகத்தைக் கண்டு பேசியது". கீழே வழக்கம்போல் "கேள்வி", "பதில்". பொய் ஒன்றும் இல்லை. யார் கேட்டது, யார் சொன்னது என்று போடவில்லை, அவ்வளவுதான்.

வெங்கடேஸ்வரன் அளந்தார். கேள்வி அரை அங்குலம், பதில் முழுசாக மூன்று பக்கம். "இதுன்னா பேட்டி! நன்னா பேச விட்டிருக்கீர் ஓய்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். எவ்வளவு ஆழமான மனுஷர் அந்தப் பிரம்மநாயகம் என்று மாதுங்கா முழுக்கப் பேச்சு. தாராவியிலும் பிரம்மநாயகம் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமானால் பேச வேண்டுமே.

ஷ்யாமளா மட்டும் படித்துவிட்டுப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன்னா, இதுல பதில் சொல்றது நீங்கதானே?"

சுந்தரராமன் தலையை ஆட்டினார்.

"ஒரு பொண்ணு பெட்டியைத் தூக்கிண்டு இத்தனை நாளா தாதர்ல நிக்கறா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?"

"நீ கேக்கலையே."

"நீங்க எப்போ வாயை மூடினேள், நான் கேக்கறதுக்கு?"

இதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். ஷ்யாமளா நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் கேள்வியைக் கேட்டாள்.