அக்கா நடந்த மாதங்கள்

எழுபதுகளின் கடைசியில் கொழும்பிலிருந்து ஓர் ஆய்வுக் குழு திருகோணமலைக்கு வந்தது. வளர்ந்தவர்களுக்கு உடல் பருமன் ஏன் கூடுகிறது, அதைத் தடுக்க அரசாங்கம் என்ன செய்யலாம் என்று பார்ப்பதுதான் அவர்களுடைய வேலை. குழுவின் தலைவி ஒரு சிங்கள டொக்டர். அவருக்குத் தமிழ் வராது. சுகாதாரக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால், மொழிபெயர்ப்பதற்கு என்னை அனுப்பினார்கள்.

பஞ்சத்தில் பாணுக்கும் மாவுக்கும் கடைகளில் வரிசையில் நின்ற காலம் முடிந்து அதிக நாளாகவில்லை. அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டுக்காரி, மெலிஞ்சு கிடக்கிற சனத்தை விட்டுவிட்டு எங்களை ஏன் நிறுக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே அதை ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் சிரிக்கவில்லை. பட்டினியும் பருமனும் ஒரே வீட்டுக்குள் இருக்கும் என்றார். மலிவாக வயிற்றை நிரப்புவது மாவும் சீனியும்தான், அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க இருந்த இடத்திலேயே இருக்கிறவர்களைத்தான் தேடி வந்திருக்கிறேன் என்றார்.

அப்படி ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். என் அக்கா.

அக்கா துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கந்தோரில் டெலிபோன் ஒப்பரேற்றர். காலையில் கதிரையில் இருந்தால் பின்னேரம்தான் எழும்புவாள். அப்பா செத்த பிறகு அவளுடைய சம்பளத்தில்தான் நான் படித்தேன். காலையில் பாணும் சீனி போட்ட தேத்தண்ணியும், இரவில் கோதுமை மாப் பிட்டு. மரக்கறி லொறி வருகிற நாட்களிலும் அவள் வேலை விட்டுப் போகும்போது வாடின கத்தரிக்காய்தான் மிஞ்சியிருக்கும். முப்பத்தைந்து வயதுக்குள் சலரோகம், இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தம், வந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் படலையைத் தாண்டியதும் என்ன கதைத்தார்கள் என்பது எங்களுக்குக் கேட்கும். அக்கா கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள்.

யாரும் கூப்பிடாமல், தானாகவேதான் அவள் ஆய்வுக்கு வந்தாள். தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்து, "ஒரு பொம்பிளை இந்த ஊரில சும்மா எங்க நடக்கிறது எண்டு கேள்" என்றாள்.

நான் கேட்டேன். டொக்டர் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அடுத்த கிழமை அவரே பெண்களைச் சேர்த்துக்கொண்டு கரையோர வீதியில் முன்னால் நடந்தார். ரீச்சர்மார், ஒரு நேர்ஸ், டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தின் அக்கா தங்கை இருவர், என் அக்கா. கூட்டமாகப் போனபடியால் வீதியில் நின்ற ஆண்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாலையூற்றுத் தோட்டங்களிலிருந்து கீரையும் பயற்றங்காயும் வரவழைத்து, நிறுக்கிற இடத்து வாசலிலேயே விற்க ஒழுங்கு செய்தார். சில மாதங்களில் அக்காவின் சட்டைகளை அம்மா பிடித்துத் தைத்தாள். ஒரு நாள் காலை அக்கா விறாந்தையில் நின்று என்னைக் கூப்பிட்டு, "இஞ்ச பார்" என்றாள். குனிந்து தன் செருப்பு வாரைத் தானே கொளுவினாள். நிமிர்ந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

ஆய்வு முடிந்ததும் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். காலையும் பின்னேரமும் கரையோர வீதியைப் பெண்கள் நடக்க விட வேண்டும், கூட்டுறவுச் சங்கக்கடையில் மரக்கறியும் பயறும் நியாய விலைக்கு வேண்டும், இருந்த இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இடையில் எழும்ப நேரம் வேண்டும், மாதம் ஒருமுறை கிளினிக் வேண்டும் என்று டொக்டர் கேட்டார். பெரிய விஷயங்கள் ஒன்றுமில்லை. நடந்த பெண்களையும் அழைத்திருந்தார்கள். அக்கா நல்ல சேலை உடுத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி எழும்பி ஆங்கிலத்தில் பேசினார். தம்பலகாமத்திலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்திருந்தவர்களுக்கு விளங்குவதற்காக அதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "நாட்டில பாதிச் சனத்துக்குச் சாப்பாடு காணாது. மற்றப் பாதி கூடச் சாப்பிட்டதுக்கும் அரசாங்கமோ செலவழிக்கிறது? வாயைக் குறைக்கச் சொல்லுங்கோ." மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அக்காவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதோடு எல்லாம் நின்றது. டொக்டரை வேறு வேலைக்கு மாற்றினார்கள். கீரைக்காரர் வாசலுக்கு வருவதை விட்டார்கள். பிறகு பாதுகாப்புக்கு என்று சொல்லிக் கரையோர வீதியில் தடுப்புக் கட்டை போட்டார்கள். ரீச்சர்மார் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அக்கா மட்டும் சந்திப் பக்கமாகக் கொஞ்ச நாள் தனியே நடந்து பார்த்தாள். அங்கே நின்ற ஆண்கள் சொன்னதை அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டார் வந்து அம்மாவுக்குச் சொன்னார்கள். அம்மா அழுதாள். அக்கா வெளியே போவதை விட்டுவிட்டு வீட்டு முற்றத்தில் கிணற்றைச் சுற்றி நடந்தாள், வெறுங்காலோடு.

அங்கேதான் ஓர் ஓட்டுத் துண்டு அவள் காலை வெட்டியது. சலரோகத்தால் கால் மரத்திருந்தது, அவளுக்கு நோகவில்லை. மணக்கத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

வேலை போய்விடும் என்று பயந்தோம். கந்தோர்ப் பெரியவர் வீட்டுக்கு வந்து, இருந்து செய்கிற வேலைதானே, ஒரு பிரச்சினையும் இல்லை என்று அன்பாகச் சொன்னார். அவர் போன பிறகு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அவள் திரும்பவும் அதே கதிரைக்குப் போனாள். உடம்பு முந்தியதை விடப் பெருத்தது. ஒரு பின்னேரம் நான் அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போது, டொக்டருக்கு ஒருக்கா எழுதிப் பார்ப்போமா என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றாள். "அந்த மனிசி பாவம். அவவுக்கும் ஏலாது."

அடுத்த மாரியில், நெஞ்சு நோகுது என்று சொன்ன அன்றே அக்கா செத்துப் போனாள். செத்த வீட்டில் பெட்டியைப் பற்றியும் அதைத் தூக்கப் போகிறவர்களைப் பற்றியும் சிலர் மெல்லக் கதைத்தார்கள். அம்மாவுக்குக் கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கும்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து அவளுடைய சாமான்களை எடுக்கக் கந்தோருக்குப் போனேன். புதிதாக எடுத்த பிள்ளை அக்காவின் கதிரையில் இருந்தாள். இருபது வயது இருக்கும், மெலிந்த உடம்பு. அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. எழும்ப நேரமில்லாமல் ஒரு கையால் பேக்கரிப் பணிசைத் தின்றுகொண்டு, சீனி கூடின தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, அக்கா கதைக்கிற மாதிரியே மரியாதையாகக் கதைத்தாள். என்னைக் கண்டு கண்ணால் பக்கத்துக் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள். நான் இருக்கவில்லை.