ஆறு வருடமாக இருந்த தாள்

சோப்புக்காரம்மா பதினோரு வருடம் நாட்டு எல்லையை ஆற்றில் இறங்கித்தான் கடந்தார். வீட்டில் காய்ச்சி வெட்டிய சோப்பைச் சுமந்துகொண்டு அக்கரைச் சந்தைக்குப் போவார். சோதனைச்சாவடிப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். சரக்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அப்படியொரு பயம். கூடவே வந்துகொண்டிருந்த ஓரகத்தியை ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் கொண்டுபோயிற்று.

அடுத்த வருடம், பெண் வியாபாரிகளுக்கு உதவவென்று சாவடியிலேயே ஓர் அலுவலகம் திறந்தார்கள். தயங்கித் தயங்கிப் போனவரிடம் அங்கிருந்த பெண் அதிகாரி ஒரு தாளை நீட்டினார்.

"இதை நிரப்பிக் குடுத்தா போதும்மா. நீங்க தூக்கிட்டுப் போற அளவு சரக்குக்கு வரியே கிடையாது."

"இது எப்போலேருந்து இருக்கு?"

"ஆறு வருஷமா இருக்கும்மா."

சோப்புக்காரம்மா தாளைத் திருப்பிப் பார்த்தார். "என் ஓரகத்தி ஆத்தோட போயி ஒரு வருஷம்தானே ஆகுது! எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே!"

அதிகாரி பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

அன்று சோப்புக்காரம்மா சாவடி வழியாகவே அக்கரை போனார். இப்போதெல்லாம் சந்தை நாளில் விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போய் நிற்கிறார். சுமையோடு இறங்க வரும் பெண்களைக் கைபிடித்து நிறுத்துகிறார்.

"பயப்படாம என்கூட வாங்கடி. எழுத வராட்டி நான் எழுதித் தரேன்."